கூரையில் ஓர் ஏரி

"டாக்டர், என்னைப் பிடிச்சுக்குங்க! விழுறேன், விழுறேன்!"

கத்தியவர் ஒரு லாரி டிரைவர். மலைப்பாதையில் ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்புகிற ஆள். பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து படுத்த மறுநொடி, இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டு காலை உதற ஆரம்பித்துவிட்டார்.

"எங்கேயும் விழலைங்க. படுத்துத்தான் இருக்கீங்க," என்றாள் பல் டாக்டர்.

"கீழே தண்ணி தெரியுதே!"

"அது மேலே இருக்கு."

"மேலே இருக்கிற தண்ணி எப்படிம்மா கீழே தெரியும்?"

இதற்குப் பதில் பல் மருத்துவப் படிப்பில் எந்த வருஷத்திலும் சொல்லித் தரவில்லை. டாக்டர் அண்ணாந்து பார்த்தாள். நாற்காலிக்கு நேர் மேலே, கூரையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய படம். மலை உச்சியிலிருந்து பார்த்தால் தெரிகிற ஏரி. செங்குத்தாக இறங்கும் பாறை, அதற்கும் கீழே மரங்களின் தலைகள், அதற்கும் கீழே எறும்பு போலப் படகுகள், ஒரு மணல் திட்டு, அப்பால் கடல். பார்த்தவள் தன்னையறியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

படத்தை எடுத்தவர் அவளுடைய தாய்மாமா. கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் போட்டோக்காரர். ஊரில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட்டில் இருப்பது அவர் எடுத்த முகம்தான். "ரெண்டு காதும் தெரியணும், ரெண்டு காதும் தெரியணும்" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குக் 'காதுக்காரர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

ஆனால் அவர் மனசு காதில் இல்லை. கடைக்கு விடுமுறை என்றால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். அங்கே பாறை விளிம்பில் கம்பி போட்டு, ஏரியைப் பார்க்க ஒரு இடம் கட்டியிருக்கிறார்கள். கம்பிமேல் சாய்ந்து, ஏரியை விதவிதமாக எடுப்பார். வெயிலில் எடுப்பார், மழை மூட்டத்தில் எடுப்பார். எடுத்து என்ன? ஸ்டூடியோ கண்ணாடிக்குள் கல்யாண ஜோடியும் கைக்குழந்தையும்தான் நிற்கலாம், வியாபாரம் அப்படி. வீட்டுச் சுவரிலோ மனைவி ஆணி அடிக்க விடுவதில்லை.

"ஏரி எங்கே ஓடிப்போகுது? பார்க்கணும்னா போய்ப் பார்த்துக்கலாம். சுவரு ஓட்டையானா யாரு அடைக்கிறது?" என்பாள்.

இப்படி ஒரு சுவர்கூடக் கிடைக்காமல் கிடந்த மனுஷனிடம்தான், புதிதாக ஆஸ்பத்திரி திறந்த அக்கா மகள் வந்து, "மாமா, என் பேஷண்டுங்க மல்லாந்து படுத்துக்கிட்டு டியூப் லைட்டைத்தான் முறைச்சுப் பார்க்கிறாங்க. உங்க ஏரிப்படம் ஒண்ணைப் பெருசாப் போட்டுத் தாங்களேன், சீலிங்ல ஒட்டிடலாம். மனசுக்கு இதமா இருக்கும்" என்றாள். அவர் அவசரமாக உள்ளறைக்குப் போய், கண்ணில் தூசி விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய ஏரியை யாரோ பார்க்கப் போகிறார்கள். அதுவும் வேறு வழியில்லாமல், அசையாமல் படுத்துக்கொண்டு!

அந்தப் படம்தான் இப்போது லாரி டிரைவரைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

டாக்டர் போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"அதுக்கென்ன கண்ணு, தலைகீழாத் திருப்பி ஒட்டச் சொல்லு," என்றார் போட்டோக்காரர். "பாறை அந்தப் பக்கம் போயிடும், தலை சுத்தாது."

"நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்களேன் மாமா."

"கடையில ஆள் நிக்குது!" என்று போனை வைத்துவிட்டார். கடையில் ஈ கூட இல்லை. உண்மை வேறு. பல் டாக்டரின் மாமாவுக்குப் பல் டாக்டர் அறை என்றாலே பயம். அந்த மாடிப்படி ஏறினால், முன்னால் இருக்கிற மேஜை வரைக்கும்தான் போவார். உள்ளிருந்து 'ஙொய்ங்' என்று மெஷின் சத்தம் கேட்டால், வந்த காலைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவார்.

படத்தைத் திருப்பி ஒட்டினார்கள். அடுத்து வந்தவர் ஒரு கணக்கு டீச்சர். படுத்தார், பார்த்தார், எழுந்தார்.

"பாத்ரூம் எங்கே இருக்கு?"

போய்விட்டு வந்து படுத்தார். ஏரி முழுக்க முகத்தின் மேல் கவிழ்ந்து நின்றது. பக்கத்தில் வாய் கொப்பளிக்கிற குழாய் வேறு சலசலவென்று ஓடியது. மறுபடியும் எழுந்தார். அன்று அவர் பல்லை விடப் பாத்ரூம் கதவுதான் அதிகம் திறந்தது.

மறுநாள் டாக்டரே ஸ்டூடியோவுக்கு வந்தாள். "கோவிச்சுக்காதீங்க மாமா. கார்ப்பென்டரை விட்டு அதை உரிச்செடுத்தாச்சு."

போட்டோக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. பாஸ்போர்ட்டுக்கு எடுத்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்படி ஒரு வெளுப்பு.

"இன்னும் ஒரே ஒரு படம், கண்ணு. தப்பு என்னோடதுதான். கம்பிமேல சாஞ்சு கீழே பார்த்து எடுத்துட்டேன். இந்தத் தடவை நின்னு, நேராப் பார்த்து எடுக்கிறேன். முக்கால்வாசி வானம், அடியில கோடு மாதிரி ஏரி. பச்சைப்புள்ள கூடத் தூங்கிடும்."

மாமாவின் முகத்தைப் பார்த்து அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை. "சரி, கொண்டாங்க. ஆனா ஒண்ணு. பேஷண்டுங்க சொல்றதுதான் முடிவு. மேலே பார்த்துட்டு ஒருத்தர் முகம் சுளிச்சாலும், அத்தோட சரி."

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கு மனைவியும் கூடவே கிளம்பினாள்.

"நீ எதுக்கு?"

"நீங்க கம்பிமேல சாயறீங்களாமே. சாயாம பார்த்துக்கத்தான்."

மேலே ஒரே கூட்டம். கழுத்தில் கேமராவோடு ஒருவர் நிற்பதைப் பார்த்ததும் ஜனங்கள் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "சார், எங்களை ஒண்ணு எடுங்களேன்." அவரும் வாய் பழக்கத்தில், "தலையை நிமிர்த்துங்க, ரெண்டு காதும் தெரியணும்" என்று ஆரம்பித்துவிட்டார். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று தோளில் தோள் சாய்த்து நிற்க, "தனித்தனியா நில்லுங்க, நிழல் விழுது" என்று பிரித்துவைத்தார். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது.

மனைவி பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். "எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. இது அரசாங்க வேலை."

"அரசாங்க வேலைன்னு ஏன் சொன்னே?" என்றார் அவர், ரகசியமாக.

"பல்லு வேலைன்னு சொன்னா யாரு நகருவாங்க?"

கூட்டம் நகர்ந்தது. அந்த நேரத்தில் மேகம் விலகி, ஏரியின் மேல் சாய்ந்த வெயில் விழுந்தது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் திட்டு, யாரோ கோடு போட்டுப் பிரித்ததுபோல் மெல்லிசாகக் கிடந்தது. ஒரு படகு, அசைகிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றது. அவர் எடுத்தார். எடுத்துவிட்டுத் திரும்பினால், மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏரியையே பார்த்து நின்றிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "பிடிச்சிருக்கா?"

"ஏரியைச் சொன்னேன். உங்க படத்தை எங்கே நான் பார்த்தேன்?"

இருந்தாலும் இறங்கும்போது ஸ்கூட்டரில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நெருங்கித்தான் உட்கார்ந்துவந்தாள்.

படத்தைப் பெரிசாகப் போட்டு, சுருட்டி, காகிதம் சுற்றிக் கொண்டுபோய் முன்மேஜையில் இருந்த உதவிப் பெண்ணிடம் கொடுத்தார். "கார்ப்பென்டர் வந்ததும் ஒட்டிடுவார் சார்" என்றாள் அவள். உள்ளே மெஷின் 'ஙொய்ங்' என்றது. அவர் அடுத்த நொடி தெருவில் இருந்தார்.

தெருவுக்கு வந்ததும் கவலை பிடித்துக்கொண்டது. பேஷண்டுங்க சொல்றதுதான் முடிவு. எவன் எந்த மனநிலையில் வருவானோ? பல்வலிக்காரனுக்கு உலகத்தில் எதுதான் அழகாகத் தெரியும்? படத்தைப் பாராட்டுகிற பேஷண்டுக்காகக் காத்திருப்பதைவிட, தானே அனுப்பிவைத்தால் என்ன?

பக்கத்துக் கடைத் தையல்காரர் மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பல்லெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே. ஏன்?"

"சும்மா போய் ஒரு தடவை காட்டிட்டு வா. என் அக்கா பொண்ணுதான். படுத்துக்க, மேலே பாரு, 'மேலே பார்த்தா மனசே லேசாகுது டாக்டர்'னு சொல்லு. அவ்வளவுதான்."

"படம் நல்லா இருக்குன்னு சொல்லட்டுமா?"

"ஐயையோ! படம்ங்கிற வார்த்தையே வரக்கூடாது. சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிடும். 'மேலே பார்த்தா மனசே லேசாகுது'. தானா வந்த மாதிரி இருக்கணும்."

தையல்காரர் பயந்த சுபாவம். தன் விரலில் ஊசி குத்தினாலே அடுத்த கடைக்குக் கேட்கும். மகள் கல்யாணத்துக்குப் போட்டோக்காரரே வந்து ஆல்பம் போட்டுத் தருவதாகச் சொன்ன பிறகுதான் கிளம்பினார். திரும்பிவரும்போது ஒரு கன்னம் பன்னாக உப்பியிருந்தது.

"சொன்னியா?"

"ஜொன்னேன்."

"எது ரொம்பப் பிடிச்சுது? மணல் திட்டா, படகா?"

தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாம்தான். அந்த... அமைதி."

"அமைதி! அதைத்தான் நான் எடுத்தேன்!" போட்டோக்காரர் அவரைக் கட்டிக்கொள்ளப் போனார்.

"கிட்ட வராதீங்கண்ணே!" தையல்காரர் தள்ளிவிட்டார். "சும்மா காட்டப் போனவனுக்குப் பல்லு வேருவரைக்கும் ஓட்டையாம். ரூட் கெனாலாம். இன்னும் எத்தனையோ தடவை வரணுமாம். என்கிட்ட தைக்கக் குடுத்திருக்கீங்களே ஒரு பேன்ட், அதுக்கு இந்த ஜென்மத்துல ஜிப் கிடையாது!"

ஒரு ஆள் சொன்னால் போதுமா? போதாது என்று தோன்றியது. ஒற்றைச் செங்கல்லில் சுவர் நிற்காதே. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் இருந்தார். பேசிப்பேசி அவரையும் அனுப்பினார். கண்டக்டர் சாயங்காலம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வந்தார். ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த முன்பல் ஒன்று, டாக்டர் தொட்டதும் கையோடு வந்துவிட்டதாம்.

"பல்லுப் போனா சொல்லுப் போச்சும்பாங்க தம்பி. எனக்குச் சொல்லு போகலை, விசில் வந்துடுச்சு. பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு ஒருத்தரை 'சார்'னு கூப்பிட்டேன். நின்ன பஸ் கெளம்பிப் போயிடுச்சு. நான் ஏற வேண்டிய பஸ்!"

"மேலே பார்த்தீங்களா அண்ணே?"

"சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன்," என்றார் கண்டக்டர். அந்த ஒரு வாக்கியத்திலேயே மூன்று விசில்.

தெருவில் சேதி பரவிவிட்டது. காதுக்காரர் எதிரே வந்தால் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் தாண்டினார்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர்களிடம் "வாயை மூடுங்க" என்று சொல்ல வேண்டிய வேலை அவருக்கு மிச்சமாயிற்று.

"போதும், விட்டுடுங்க," என்றாள் மனைவி. "பிள்ளையார் பிடிக்கப் போய் ஊரு பல்லெல்லாம் ஆடுது."

"இன்னும் ஒரே ஒருத்தர். பெரிய மனுஷி யாராவது சொல்லிட்டா, அப்புறம் அதை யாரும் அசைக்க முடியாது."

அந்தப் பெரிய மனுஷி, கடைக் கட்டிடத்துக்குச் சொந்தக்காரியான ஓனரம்மா. அந்த அம்மாளைப் பார்த்தால் தெருநாய்கூட எழுந்து நிற்கும். ஆனால் படுத்ததும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், டாக்டரிடம் இலவசமாகக் காட்டிக்கொள்ளலாம் என்றதும் தானே கிளம்பிப் போனாள். போனவள் மறுநாள் காலையில் ஸ்டூடியோ கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றாள்.

"ஏம்ப்பா, நல்லா இருந்த மனுஷிக்குக் கடைசியில ஒரு கோணப்பல்லு இருக்குன்னு கண்டுபிடிச்சு அறுத்து எடுத்துட்டா உன் அக்கா மக. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கடையைக் காலி பண்ணு!"

அவருக்குக் காலடியில் தரை நழுவியது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? "பண்றேம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மேலே பார்த்தீங்களா?"

"கண்ணாடியைக் கழட்டி வைன்னுட்டா. பார்த்தேன். எல்லாம் வெள்ளை வெளேர்னு தெரிஞ்சுது."

"பனிமூட்டம்மா, அது! ஏரிமேல எப்பவும் லேசா இருக்கும்!" என்றார் அவர், கடை போகிற துக்கத்திலும் முகம் மலர்ந்து.

அன்று முழுக்க அவர் ஸ்டூடியோவில் பிள்ளைகளை உட்காரவைக்கிற முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பேன்ட் போச்சு, எதிர்வீட்டு உறவு போச்சு, கடையும் போகப் போகிறது. படமாவது நிற்குமா? போன் அடித்தது. அக்கா மகள்.

"மாமா! இதை உங்ககிட்ட சொல்லியே ஆகணும். இந்த நாலஞ்சு நாளா வர்ற பேஷண்டுங்க எல்லாம் அதிசயமா இருக்காங்க. படுத்ததும் 'மேலே பார்த்தா மனசே லேசாகுது'ன்றாங்க. ஒருத்தர் மாதிரியே ஒருத்தர்! ஓனரம்மா கூடச் சொன்னாங்கன்னா பார்த்துக்குங்க. நான் முடிவு பண்ணிட்டேன், சீலிங்ல இனி கையே வைக்கப் போறதில்லை. அப்புறம் அந்தப் படத்தைப் பத்தி..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் கண்ணு!" அவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "எனக்கு எல்லாம் புரிஞ்சுது. நீ நல்லா இருக்கணும்!" போனை வைத்துவிட்டார். இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதிருப்பார்.

நல்ல காலம் வந்தால் கூட்டமாகத்தான் வரும். ஓனரம்மாவுக்கு வீக்கம் வடிந்தது. எத்தனையோ வருஷமாக அந்தக் கோணப்பல்லால்தான் தலைவலி வந்துகொண்டிருந்ததாம். இப்போது தலை பூப்போல இருக்கிறதாம். "இருந்துட்டுப் போப்பா" என்று சொல்லியனுப்பினாள். கண்டக்டருக்குப் புதுப்பல் கட்டியாயிற்று, விசில் நின்றது. சிரித்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வந்தார். தையல்காரர் வலியில்லாமல் தூங்கி எழுந்து, பேன்ட்டுக்கு ஜிப் வைத்து இஸ்திரியும் போட்டுக் கொண்டுவந்தார்.

ஸ்டூடியோவில் அன்று எல்லாருமே இருந்தார்கள். மனைவிகூட டீயோடு வந்திருந்தாள்.

"சரி," என்றாள், டம்ளரை நீட்டியபடி. "அந்த ஏரிப்படம் சின்னதா ஒண்ணு இருந்தா வீட்டுக்குக் கொண்டாங்க. ஒரு ஆணிதானே."

போட்டோக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார். ஒரு கூரையும் ஒரு சுவரும்! இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

அப்போதுதான் டாக்டருக்குக் கூரை வேலை செய்த கார்ப்பென்டர், கக்கத்தில் நீளமாக ஒரு சுருளோடு உள்ளே வந்தார்.

"சார், ஒரு விஷயம். தப்பா நினைக்காதீங்க, வீட்டுல வெச்சுப் பிரிச்சுப் பார்த்துட்டேன். என் சம்சாரம் அடுப்பைக் கூட மறந்துட்டு அப்படியே நின்னு பார்த்தா. அந்த மணல் திட்டும், அந்த ஒத்தைப் படகும்... கண்ணை எடுக்க முடியலை. உங்களுக்கு வேண்டாம்னா இதை நாங்க வெச்சுக்கட்டுமா?"

"தாராளமா வெச்சுக்கப்பா!" என்றார் போட்டோக்காரர், பூரித்துப்போய். "அதே மாதிரிதான் அங்கே சீலிங்ல ஒண்ணு இருக்கே."

தையல்காரர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் தன் புதுப்பல்லை நாக்கால் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"சீலிங்ல எங்கே சார் இருக்கு?" என்றார் கார்ப்பென்டர். "பழசை உரிச்ச இடத்துக்கு வெள்ளையடிச்சு, காயட்டும்னு விட்டிருந்தோம், அதுக்குள்ள வந்தவங்க எல்லாரும் அந்த வெறும் வெள்ளையைப் பார்த்தே மனசு லேசாகுதுன்னு சொல்லிட்டாங்களாம், அதனால படமே வேண்டாம்னு டாக்டரம்மா இதை என்கிட்ட குடுத்தனுப்பிட்டாங்க."